வெள்ளத்தைச் சீப்பால் வாரும் ஊர்: கர்தாயா ஓர் அறிமுகம்

வறண்டு கிடக்கும் ஓர் ஆற்றங்கரை. அங்கே குறுக்கே ஒரு கல் கட்டு. கட்டின் மேல் சீப்பின் பற்களைப் போல வரிசையாகக் குட்டித் தூண்கள். பற்களுக்கு நடுவே இடைவெளிகள், சில அகலம், சில குறுகல். விவரம் தெரியாதவர் பார்த்தால், எவனோ கொத்தனார் பாதியில் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டான் என்றுதான் நினைப்பார்.

ஆனால் அது ஒரு கணக்கு நோட்டு. கல்லில் எழுதியது. அல்ஜீரியாவின் கர்தாயா ஊரில் பேரீச்சந்தோப்புகளுக்கு வெள்ளம் போகும் வழியில் இது நிற்கிறது. ஒவ்வோர் இடைவெளியும் ஒரு தோட்டப் பகுதிக்குரிய மடைவாய். தோட்டத்தில் எத்தனை மரம் இருக்கிறதோ அதற்கேற்ப மடையின் அகலம். வெள்ளம் வரும் நேரத்தில் யாரும் மண்வெட்டியோடு ஓடி வந்து வரப்பை வெட்ட வேண்டாம், அண்டைத் தோட்டக்காரரோடு வாய்ச்சண்டை போடவும் வேண்டாம். பங்கு முன்பே பிரித்தாகிவிட்டது. தண்ணீர் வந்து அதன்படி நடந்துகொள்ளும், அவ்வளவுதான்.

சகாராவின் பழைய நகரங்களைப் பற்றிப் பேசினால் ஒட்டக வரிசை, உப்புப் பாளம், தங்கம், திம்புக்துவின் ஓலைநிறச் சுவடிகள் என்றுதான் பேச்சு போகும். கர்தாயா அந்த வரிசையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஊர். அங்கும் வணிகம் உண்டு, ஒட்டகம் உண்டு. ஆனால் அதைப் புரிந்துகொள்ளச் சந்தையிலிருந்து தொடங்குவதைவிட இந்தச் சீப்பிலிருந்து தொடங்குவது நல்லது. இருப்பதை அளந்து, அளந்ததைப் பிரித்து, பிரித்ததை மீறாமல் வாழ்வது எப்படி என்பதையே ஒரு நகரமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தெற்கே, சுண்ணாம்புப் பாறை மேட்டு நிலத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பெயர் ம்ஸாப். அந்த மேட்டு நிலத்தை ஷெப்கா என்கிறார்கள். ஷெப்கா என்றால் வலை. காட்டாறுகள் குறுக்கும் நெடுக்குமாக அறுத்து வைத்த பாறை, மேலிருந்து பார்க்க மீன்வலை மாதிரிதான் இருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து ஐந்து சிறு மலைகளின் மேல் ஐந்து ஊர்கள்: எல் அத்தூஃப், பூ நூரா, கர்தாயா, மெலிக்கா, பெனி இஸ்கன். இவற்றில் பெரியது கர்தாயா என்பதால் அந்தப் பெயரே இன்று மொத்த நகரத்துக்கும் மாகாணத்துக்கும் நிலைத்துவிட்டது. ஆக, கர்தாயா என்றால் ஐந்தில் ஒன்று என்றும் கொள்ளலாம், ஐந்தும் சேர்ந்தது என்றும் கொள்ளலாம். இங்கே வாழும் பெர்பர் இனத்தவருக்கு மொசாபியர் என்று பெயர். பேசுவது தும்ஸாப்த் என்னும் பெர்பர் மொழி.

ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத பாறைக்காட்டில் ஏன் ஊர் கட்டினார்கள்? யாரும் விரும்பி வரவில்லை. ஓடி வந்தார்கள்.

மொசாபியர் இபாதி மார்க்கத்தைச் சேர்ந்த முஸ்லிம்கள். சன்னியும் அல்ல, ஷியாவும் அல்ல, இஸ்லாத்தின் தொடக்க நூற்றாண்டிலேயே பிரிந்த மூன்றாவது கிளை. இன்று இபாதிகள் அதிகம் இருக்கும் நாடு ஓமான். இவர்களின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று, சமூகத்தின் தலைவராகப் பிறப்பு வேண்டியதில்லை, ஒழுக்கம் போதும் என்பது. அரச வம்சங்களுக்கு இது இனிக்குமா? இருந்தும் 8ஆம் நூற்றாண்டில் வட அல்ஜீரியாவில் தாஹெர்த் என்ற நகரைத் தலைமையிடமாக வைத்து இபாதிகள் ஓர் அரசை நிறுவினார்கள். ருஸ்தமி அரசு என்று வரலாறு அதைச் சொல்லும். 909இல் ஃபாத்திமிய்யர் என்ற ஷியா வம்சத்தார் வந்து அதை முடித்துவைத்தார்கள்.

தப்பியவர்கள் தெற்கே பாலைக்குள் இறங்கி வார்க்லா என்ற சோலைக்கு வந்தார்கள். அங்கே இருந்தவர்கள், ருஸ்தமி அரசில் தலைவராக இருந்து ஓடிவந்த இமாம் யாகூபையே மறுபடியும் தலைவராக இருக்கச் சொன்னார்களாம். அவர் மறுத்துவிட்டார். “ஆடுகளுக்குப் பின்னால் ஒட்டகம் ஒளிய முடியாது” என்று அவர் சொன்னதாக இபாதி மரபு நினைவில் வைத்திருக்கிறது. ஒரு சின்னக் கூட்டம் பெரிய பட்டத்தைச் சுமந்தால் எதிரியின் கண்ணில் உடனே படும் என்பது பொருள். அரசு என்ற எண்ணத்தையே அங்கே கைகழுவிவிட்டார்கள்.

வார்க்லா பக்கத்தில் செத்ராத்தா என்ற நகரைக் கட்டினார்கள். அது இன்று மணலுக்கு அடியில். 1950களின் தொடக்கத்தில் மார்கரித் வான் பெர்ஷெம் என்ற ஸ்விஸ் ஆய்வாளர் அங்கே தோண்டியபோது, சுவரெல்லாம் சுண்ணச் சாந்தில் செதுக்கிய கொடிகள், பூக்கள், வட்டங்கள் என்று நுணுக்கமான அலங்காரம் வெளிவந்தது. இதே மக்கள்தான் பிறகு ம்ஸாபுக்குப் போய், பள்ளிவாசலில்கூட ஒரு பூவைச் செதுக்காமல் ஊர் கட்டினார்கள். ம்ஸாபின் வெறுஞ்சுவரை ‘எளிய மக்களின் எளிய கலை’ என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வேலை தெரிந்தவர்கள்தான். தெரிந்தும் வேண்டாம் என்று வைத்தவர்கள். இரண்டு நகரங்களை இழந்த பிறகு வந்த முடிவு அது என்பது என் கணிப்பு.

ம்ஸாபின் முதல் ஊரான எல் அத்தூஃப் 1012இல் எழுந்தது. மற்ற நான்கும் 1350க்குள் அடுத்தடுத்து வந்தன. இப்படி மதில் சூழ்ந்த பாலைவன ஊருக்கு க்ஸார் என்று பெயர். வட ஆப்பிரிக்கா முழுக்க க்ஸார்கள் உண்டு. ம்ஸாபின் க்ஸாருக்கு மட்டும் ஒரு தெளிவான இலக்கணம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் ஐந்து ஊர்களையும் படித்துவிடலாம்.

மலை உச்சியில் பள்ளிவாசல். அதன் கோபுரம் மேலே போகப் போகக் குறுகி, நுனியில் நான்கு மூலைக்கும் நான்கு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். தொழுகைக்கு அழைக்கும் இடமும் அதுதான், காவல் கோபுரமும் அதுதான். பள்ளிவாசலுக்குள்ளேயே தானியக் களஞ்சியமும் ஆயுதக் கிடங்கும் வைத்திருந்தார்கள். மதிலைத் தாண்டி எதிரி ஊருக்குள் வந்துவிட்டால் கடைசியாக நின்று சண்டை போடும் கோட்டை அது. அதைச் சுற்றி வளையம் வளையமாக வீடுகள், சரிவில் இறங்கிக்கொண்டே வரும். கடைசி வளையத்தில் மதில். சந்தை உச்சியில் இருக்காது, கீழே வாசலை ஒட்டியே இருக்கும். சரக்கு கொண்டுவரும் வெளியூர்க்காரர் விற்றுவிட்டு அப்படியே திரும்பலாம், ஊருக்குள் ஏறி வரத் தேவையில்லை. மதிலுக்கு வெளியே கல்லறைகள். அதற்கும் அப்பால் ஆற்றோரம் பேரீச்சந்தோப்பு, தோப்புக்குள் கோடைக்கால வீடுகள். வெயில் உச்சத்துக்குப் போனதும் குடும்பம் குடும்பமாக க்ஸாரிலிருந்து தோப்புக்கு இறங்கிவிடுவார்கள்.

இந்த ஊர் வளராது. அதாவது, மலை நிரம்பிவிட்டால் ஊர் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். மதிலை ஓரிரு முறை தள்ளிக் கட்டியது உண்டு. அதற்கு மேல் ஆள் பெருகினால் வேறு மலையில் வேறு ஊர். ஐந்து ஊர்கள் வந்ததற்கு உட்பூசலும் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தோப்பு இருக்கும் தாழ்நிலத்தில் வீடு கட்டக் கூடாது என்பதில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் பள்ளத்தாக்கே போதாமல் போய், வெளியே கராரா, பெரியான் என்று இன்னும் இரண்டு ஊர்கள் எழுந்தன.

வீட்டுக்குள் போவோம். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு வெற்றுச் சுவர், ஒரு மரக்கதவு, காற்று வர ஓரிரு பொத்தல். எதிர்வீட்டுக் கதவுக்கு நேராகக் கதவு வைப்பதில்லை. உள்ளே நுழைந்ததும் நேராக வீட்டின் நடுவுக்குப் போக முடியாது, ஒரு சுவர் மறிக்கும், வளைந்து திரும்பித்தான் போக வேண்டும். கதவு திறந்தே கிடந்தாலும் தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியாது. பிறகு நடுக்கூடம். அதன் கூரையில் கம்பிவலை போட்ட ஒரு சதுரத் திறப்பு, அதற்கு ஷெபெக் என்று பெயர். மொத்த வீட்டுக்கும் வெளிச்சமும் காற்றும் அந்த ஒற்றை வழியில்தான் இறங்கும். உச்சி வெயிலில் துணி போட்டு மூடிவிட்டு, பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுவார்கள். கூடத்தை ஒட்டிப் பெண்களின் அறை, அங்கே தறி நிற்கும். ம்ஸாபின் கம்பளங்கள் இந்த அறைகளில் பிறந்தவை.

மேலே மொட்டைமாடி. கோடை இரவுகளில் படுக்கை அங்கேதான். மாடியின் கைப்பிடிச் சுவர் ஓர் ஆள் உயரம். அண்டை வீட்டு முற்றத்தை எட்டிப் பார்க்க முடியாது. எவர் வீடும் அடுத்த வீட்டின் வெயிலை மறைக்கும்படி உயரக் கூடாது என்பதும் விதி. பாலைவனத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்று தோன்றும். குளிர்காலத்தில் அங்கே இருந்து பார்த்தால் தெரியும், சகாரா இரவு எலும்பைக் கடிக்கும். காலை வெயில் அங்கே ஒரு சொத்து. தண்ணீரைப் போல அதையும் பங்கிட்டிருக்கிறார்கள்.

சுவர்ப் பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லைக் கட்டி, மேலே சுண்ணாம்புக் கலவையைப் பேரீச்சங்குலைத் துடைப்பத்தால் அடித்து அப்புவார்கள். வழவழப்பாகத் தேய்ப்பதில்லை. சுவர் முழுக்கச் சிறு சிறு மேடு பள்ளம். ஒவ்வொரு மேடும் ஒரு துளி நிழலைத் தன் பக்கத்தில் விழவைக்கும். அப்படிச் சுவரே தனக்குத் தானே நிழல் போட்டுக்கொள்ளும். செலவும் இல்லை.

இனி தண்ணீருக்குத் திரும்பலாம், ஏனென்றால் சீப்பு பாதிக் கதைதான். ம்ஸாப் ஆறு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓடும், அதுவும் சில மணி நேரம், பேய்வேகத்தில். அந்தத் தண்ணீர் நேராகப் பயிருக்குப் பாய்ந்தால் மட்டும் போதாது, அடுத்த வெள்ளம் வரும்வரை தோப்பு உயிரோடு இருக்க வேண்டுமே. எனவே மூன்று வேலை செய்தார்கள். மேல்பக்கத்து வெள்ளத்தின் ஒரு பகுதியைச் சுரங்கக் கால்வாய்களால் தோப்புக்குள் திருப்பினார்கள். தோப்பின் சந்துகளையே வாய்க்காலாக்கினார்கள்: இரண்டு பக்கமும் தோட்டச் சுவர், நடுவே நடைபாதை, வெள்ள நாளில் அதே பாதை ஆறு. ஒவ்வொரு சுவரின் அடியிலும் அளந்து வைத்த துளை வழியாக உரியவர் தோட்டத்துக்குள் உரிய அளவு நுழையும். மிச்சத்தைக் கீழே அணை கட்டி நிறுத்தினார்கள். தேக்கி வைப்பதற்கு அல்ல, மண்ணுக்குள் இறக்குவதற்கு. அணை நீர் கசிந்து இறங்கக் கிணறுகள் ஊறும்.

கிணற்றிலிருந்து இறைத்தது எப்படி என்று தெற்கத்திக்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை. கமலைதான். கிணற்றின் மேல் இரண்டு தூண், நடுவே உருளை, தோல் சால், வடம். மாட்டுக்குப் பதில் கழுதையோ கோவேறு கழுதையோ ஒட்டகமோ சரிவான தடத்தில் இறங்கி வடத்தை இழுக்கும். தடத்தின் நீளம் ஏறக்குறைய கிணற்றின் ஆழம். தடத்தைப் பார்த்தே கிணறு எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க ஒரு குழு. ‘உமனா அஸ்-ஸைல்’ என்று பெயர், வெள்ளத்தின் அமீன்கள், அதாவது வெள்ளத்துக்குப் பொறுப்பான நம்பிக்கைக்குரியவர்கள். மடையின் அகலத்தை அளப்பது, அடைத்ததை எடுப்பது, சுவர் இடிந்தால் யார் செலவில் கட்டுவது என்று தீர்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்றும் அந்தக் குழு இருக்கிறது. தோப்பில் பேரீச்சை மேலே, அதன் நிழலில் மாதுளையும் அத்தியும் ஆரஞ்சும், அதற்கும் கீழே காய்கறி. ஒரே தண்ணீருக்கு மூன்று அடுக்கு விளைச்சல்.

இவ்வளவு விதியையும் மீறாமல் காத்தது யார்? மன்னர் இல்லை. பள்ளிவாசலின் கற்றறிந்தவர்கள் கொண்ட அஸ்ஸாபா என்ற சபை. 11ஆம் நூற்றாண்டில் அபு அப்துல்லா முஹம்மத் இப்னு பக்ர் என்ற அறிஞர் இதற்கு வடிவம் கொடுத்தார். கல்வி, திருமணம், மணமகன் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகைக்கு உச்சவரம்பு, விருந்துக்கு உச்சவரம்பு என்று எல்லாவற்றிலும் சபை தலையிடும். கேட்காதவருக்குக் கடைசித் தண்டனை, நம்மூர்ப் பேச்சில் ஊர்விலக்கு. பேச்சு வார்த்தை இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. பள்ளிவாசலில் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டால்தான் விலக்கு நீங்கும்.

இதில் மயங்கிவிடவும் கூடாது. சமமாகப் பங்கிட்ட இந்த ஊரில் பெண்களின் பங்கு குறைவுதான். ஆண்கள் அல்ஜியர்ஸ், ஓரான் போன்ற வடக்கு நகரங்களுக்குப் போய் மளிகைக் கடையும் துணிக்கடையும் நடத்துவார்கள். மொசாபி என்றால் மளிகைக்கடைக்காரர் என்று அல்ஜியர்ஸில் ஒரு காலத்தில் பொருள் ஆகிவிட்டது. பெண்களோ பள்ளத்தாக்கை விட்டு வெளியேறக் கூடாது, 20ஆம் நூற்றாண்டு வரை இதுவே விதி. மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தால் ஆண் சம்பாதித்ததை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துதானே ஆக வேண்டும்! ஊரைத் தக்கவைத்த சூத்திரத்தின் சுமை யார் தலையில் இருந்தது என்பது தெளிவு. தெருவில் வெள்ளைக் கம்பளித் துணியால் முழுக்கப் போர்த்தி ஒற்றைக் கண் மட்டும் தெரிய நடக்கும் மணமான பெண்களைச் சுற்றுலாப் படங்கள் விரும்பிக் காட்டும். காட்டாத ஒன்று உண்டு: இறந்த பெண்களைக் குளிப்பாட்டும் பெண்களுக்கு என்று தனிச் சபை இருந்தது, பெண்கள் உலகத்தில் அதன் சொல் எடுபட்டது.

பெனி இஸ்கனின் சந்தையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஐந்தில் கண்டிப்பு மிக்க ஊர் இது. முக்கோணச் சதுக்கத்தைச் சுற்றிலும் சுவரோடு ஒட்டிய கல் திண்ணைகள். மாலையில் ஊரார் வந்து வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். ஏலக்காரர் ஒரு கம்பளத்தையோ பழைய பாத்திரத்தையோ தூக்கிக்கொண்டு அவர்கள் முன்னால் சுற்றிச் சுற்றி வந்து விலையைச் சொல்வார். வாங்குபவர் நகர மாட்டார், சரக்குதான் நகரும். அல்ஜீரியாவின் தேசிய கீதத்தை எழுதிய கவிஞர் முஃப்தி ஸக்கரியா, 1908இல் பிறந்தது இந்த ஊரில்தான்.

பிரெஞ்சுக்காரர்களின் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1853இல் ஓர் ஒப்பந்தம்: மொசாபியர் கப்பம் கட்டுவார்கள், பிரான்ஸ் உள் விவகாரத்தில் தலையிடாது. 1882இல் பிரான்ஸ் அதை ஓரம்வைத்துவிட்டுப் பள்ளத்தாக்கையே இணைத்துக்கொண்டது. இந்தத் தேதிகளால் வினோதமாகப் பாதிக்கப்பட்டவர்கள் கர்தாயாவின் யூதர்கள். வெள்ளி வேலைக்குப் பெயர்போன சிறு சமூகம் அது. 1870இல் அல்ஜீரிய யூதர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தபோது ம்ஸாப் பிரான்ஸின் கையில் இல்லை, அதனால் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தொண்ணூறு ஆண்டுகள் அப்படியே போனது. 1962இல் நாடு விடுதலை அடையும் தறுவாயில் ஏறக்குறைய எல்லோருமே கிளம்பிப் போய்விட்டார்கள்.

அந்நாள்களில் வந்த இன்னொரு வகையினர் கட்டடக் கலைஞர்கள். சண்டிகரைத் திட்டமிட்ட அதே லெ கொர்பூசியே 1930களின் தொடக்கத்தில் இங்கு வந்து குறிப்பேட்டில் வரைந்து தள்ளினார். எல் அத்தூஃபில் சீதி இப்ராஹிம் என்ற சின்னஞ்சிறு தொழுகையிடம் இருக்கிறது. கையால் பிசைந்து வைத்தது போல வளைந்த தடித்த சுவர், ஒழுங்கற்ற இடங்களில் சிறு துளைகள், அவற்றின் வழியே உள்ளே வரும் ஒளி. பிரான்ஸின் ரோன்ஷாம்பில் அவர் பின்னாளில் கட்டிய தேவாலயத்தைப் பார்ப்பவர்கள் பலர் இதைத்தான் நினைவுகூர்கிறார்கள். 1982இல் யுனெஸ்கோ பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் சேர்ந்ததால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. மோட்டார் போட்டால் தண்ணீர், அப்புறம் எதற்கு அமீனும் மடையும்? தாழ்நிலத்தில் வீடு கட்டக் கூடாது என்ற பழைய விதி மறந்து, ஆற்றுப் படுகையிலேயே வீடுகள் முளைத்தன. 2008 அக்டோபர் 1, ஈகைத் திருநாள். ஆறு வந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கான வீடுகள் சேதமாயின. மலை மேல் இருந்த க்ஸார்கள் கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அடுத்த அடி மனிதர்களிடமிருந்து. 2013 இறுதியில் மொசாபியருக்கும், அதே நகரத்தில் பல தலைமுறையாக வாழும் அரபு ஷாம்பா மக்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. வேலை, நிலம், வீடு என்ற சண்டைக்கு மார்க்க வேறுபாடு எண்ணெய் ஊற்றியது. கல்லறைகளும் நினைவிடங்களும் உடைக்கப்பட்டன. 2015 ஜூலையில் ஓரிரு நாளில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள், பெரும்பாலும் கராராவில்.

இதற்கு நடுவே பெனி இஸ்கனுக்கு எதிரே ஒரு மொட்டைப் பாறை மேல் புதிதாக ஒரு க்ஸார் வளர்ந்துகொண்டிருந்தது. பெயர் தஃபிலெல்த். 1990களின் இறுதியில் ஊர்ச் சங்கம் ஒன்று தொடங்கிய வேலை. ஏறத்தாழ ஆயிரம் வீடுகள். விளைநிலத்தைத் தொடவில்லை, பாறையை உடைத்த கல்லே சுவருக்கு ஆனது. குடிவருபவர் ஒவ்வொருவரும் மூன்று கன்று நட வேண்டும்: ஒரு பேரீச்சை, ஒரு பழமரம், ஓர் அழகுமரம். 2016இல் மராக்கேஷில் காலநிலை மாநாடு நடந்தபோது அங்கே இதற்கு ஒரு பரிசும் கிடைத்தது.

வளைந்த நுழைவு, ஆள் உயர மாடிச் சுவர், சொரசொரப்பான பூச்சு எல்லாம் அங்கே அப்படியே இருக்கின்றன. கூரைத் திறப்பை மட்டும் பெரிதாக்கிவிட்டார்கள், வெளிச்சம் கூடுதலாக வேண்டும் என்று பெண்கள் கேட்டதால் இருக்கலாம். தெருவையும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். பழைய க்ஸாரில் எதிரெதிரே வரும் இரண்டு கழுதைகள் உரசாமல் விலகினால் போதும். இங்கே ஒரு கார் உள்ளே வந்து திரும்ப வேண்டும்.